தாயும் மகளுமாம்

வசந்தா,

‘நலம், நலமறிய ஆவல்’ என்று ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. உன் நலத்தைத் தினமும் கண்ணால் பார்க்கிறவள் ஒருத்தி கும்மிடிப்பூண்டியில் இருக்கிறாள். உனக்கு இருமல் வந்தால் சுக்கு தட்டிப் போடுகிறவள் அவள். எனக்கு நீ மாதம் ஒரு கார்டு போடுகிறாய். அதிலும் பாதிக்குமேல் அவளைப் பற்றித்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி, அம்மா புது அடுப்பு கட்டினாங்க, அம்மா உன்னைக் கேட்டாங்க. என்னிடமே நான் அல்லாத ஒருத்தியை அம்மா என்று எழுதுகிறாய். இந்தக் கடிதத்தையும் அவளுக்கு நீ உரக்கப் படித்துக் காட்டுவாய் என்று தெரியும், அவளுக்குத் தமிழ் எழுத்து வராது. படித்துக் காட்டு. ரங்கம்மா கேட்கட்டும். எனக்கு அவள்மேல் பொறாமை என்பதை அவள் என்னைப் பார்த்த முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். ஆகையால் அவளுக்குப் புதிதாகத் தெரிய இதில் ஒன்றுமில்லை. தெரிய வேண்டியவள் நீதான்.

உன் தங்கை கஸ்தூரிக்குத் தை மாதம் கல்யாணம். நான் வரச் சொல்லி எழுதினேன். ‘நான் வந்தா எல்லாருக்கும் பேஜாரு, நீங்க நல்லபடியா முடிங்க’ என்று ஒற்றை வரியில் பதில் போட்டாய். அந்த ஒற்றை வரிக்குத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

சீனாக்காரன் சண்டை நடந்த வருஷம் உனக்கு ஒன்பது வயது. ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துவர உன்னை அனுப்பியிருந்தேன். ஆண் பிள்ளைகள் குடத்தைத் தோளில் தூக்கிவருவார்கள். நீ இடுப்பில் ஏந்தி, ஒரு கையை வீசி, சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் தெருவோடு நடந்து வந்தாய். ‘இன்னாடி, உன் ஊட்டுக்கு அதுக்குள்ள மருமவ வந்துட்டாளா?’ என்று பக்கத்து வீட்டு சரோஜா கேட்டாள். தெருவே சிரித்தது. உன் நைனா மாட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார். நான் குறுக்கே விழுந்தேன். எனக்கும் இரண்டு அடி விழுந்தது. மறுநாளும் நீ குடத்தை இடுப்பில்தான் வைத்துக்கொண்டு வந்தாய். அடித்து மாற்றக்கூடிய விஷயம் இல்லை இது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் என்ன விஷயம் என்று தெரியவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

நான் எட்டாவது வரை படித்தவள், கிடைத்ததையெல்லாம் வாசிக்கிறவள் என்று உனக்குத் தெரியும். திருவள்ளூர் போகிறவர்களிடம் சொல்லி வாரப் பத்திரிகை வாங்கிவரச் சொல்வேன். ஒரு பத்திரிகையில் தாய்மார்கள் சந்தேகம் கேட்டு எழுத, டாக்டர் ஒருவர் பதில் சொல்லும் பக்கம் உண்டு. நானும் எழுதிப் போட்டேன். ‘என் மகன் பெண் பிள்ளைபோல் இருக்கிறான், என்ன செய்ய வேண்டும்’ என்று, பெயரில்லாமல். வாராவாரம் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பேன். ஒருத்தியின் பிள்ளை மண் தின்றது. ஒருத்தியின் பிள்ளை படுக்கையை நனைத்தது. ஒவ்வொருத்திக்கும் ஒரு பதில் இருந்தது. என் கேள்விக்கு மட்டும் வரவேயில்லை. மண் தின்கிற பிள்ளையைப் பெற்றவள்மேல் எனக்கு வந்த பொறாமையை என்னவென்று சொல்வேன்! சரோஜா ஒரு நாள் வந்து, ‘எம்புள்ள பீடி புடிக்கறான்க்கா, நான் இன்னா பண்ணுவேன்’ என்று மூக்கைச் சிந்தினாள். பீடிதானே, கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொண்டேன். அவளுடைய கவலைக்கு ஊரில் பெயர் இருந்தது, மருந்து இருந்தது, ஆறுதல் சொல்ல நான்கு பேர் இருந்தார்கள். என் கவலையைச் சொல்வதற்கு ஒரு சொல்கூட இல்லை. உன்னைப் போன்றவர்களுக்கு ஊரில் இருந்த சொற்களெல்லாம் காறித் துப்புவதற்கு ஆனவை. அவற்றைக் கொண்டு எப்படிக் கேள்வி கேட்பது?

கேட்காமலும் இல்லை. பட்டணத்து டாக்டர் ஒருவர், காலாகாலத்தில் கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்றார். அமாவாசை தவறாமல் திருவள்ளூர்ப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தேன். வெல்லம் கரைகிறதுபோல நோய் கரையும் என்பார்கள். உனக்கு நோய் எதுவும் இல்லை, அதனால் கரையவில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது பெருமாளைத் திட்டினேன்.

சினிமாவைப் பற்றியும் எழுத வேண்டும். இந்திப் போராட்டத்துக்காகப் பள்ளிக்கூடங்களை மூடியிருந்தார்கள். நீ நச்சரித்ததால் உன்னையும் கஸ்தூரியையும் டென்ட் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். படத்தில் நகைச்சுவை நடிகன் ஒருவன் புடவை கட்டிக்கொண்டு, கையைத் தட்டிக்கொண்டு, இடுப்பை ஒடித்து நடந்து வந்தான். கதாநாயகன் அவனை எட்டி உதைத்தான். கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. நான் உன்னைப் பார்த்தேன். நீயும் சிரித்துக்கொண்டிருந்தாய், எல்லாரையும்விடச் சத்தமாக. சிரித்துக்கொண்டே அக்கம்பக்கத்தில் யார் யார் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாய். அப்புறம் நீ என்னிடம் சினிமாவுக்குப் போகலாம் என்று கேட்டதே இல்லை. அந்த மணலில் உட்கார்ந்திருந்த மற்றத் தாய்மார்களெல்லாம் வீட்டுக்குப் போய்ப் படத்தை மறந்திருப்பார்கள். நான் வழிநெடுக உன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தேன். அது ஒன்றுதான் எனக்குச் செய்யத் தெரிந்தது.

உனக்குப் பதினேழு வயதானபோது, டாக்டர் சொன்னது உன் நைனா காதில் விழுந்துவிட்டது. உன் அத்தை மகளைப் பேசி முடித்துவிடலாம் என்றார். அத்தை வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டும் வந்தார். மறுநாள் காலையில் நீ இல்லை. உன் சட்டைகளெல்லாம் கொடியில் அப்படியே இருந்தன. ஏரியில் தேடினார்கள், தண்டவாளத்தில் தேடினார்கள். நான் மட்டும் தேடவில்லை. ஒரு சட்டைகூட எடுத்துக்கொள்ளாமல் போன பிள்ளை சாகப் போகவில்லை, வேறு உடுப்பு உடுத்தப் போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. வெளியே சொல்லவில்லை.

இரண்டு வருஷம் சேதியே இல்லை. பிறகு நெல் வாங்க வந்த வியாபாரி ஒருத்தர், உன் நைனா இல்லாத நேரம் பார்த்து என்னிடம் சொன்னார். ‘தப்பா நெனச்சிக்காதம்மா. கும்முடிபூண்டி டேசனாண்ட ஒரு நாஷ்டா கட கீது. அங்க உன் புள்ள ஜாடையில ஒரு பொண்ணு தோச ஊத்திகினு கீது.’ கவரப்பேட்டையில் பஸ் மாறி, விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். அங்கே கம்பெனிகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்திருந்த காலம். கட்டட வேலைக்காரர்களும் லாரிக்காரர்களும் பெஞ்சியில் நெருக்கி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தோசைக் கல்லுக்குப் பின்னால், புகைக்கு நடுவில், பச்சைப் புடவையில் நீ. புடவை உனக்கு நன்றாக இருந்தது. நான் கட்டிவிடாத புடவை. பெஞ்சி ஓரமாக நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது நீ நிமிர்ந்து, ‘அம்மா!’ என்று கூப்பிட்டாய்.

நான் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டேன். ‘அம்மா, சட்னி தீந்துபோச்சு’ என்றாய். எனக்குப் பின்னாலிருந்து நெட்டையாக, நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஒருத்தி, ‘இருடி, அரச்சிகினுதான் கீறேன்’ என்று பதில் சொல்லிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். நீ கூப்பிட்டது அவளை. என்னை நீ அதுவரை பார்க்கவே இல்லை. வசந்தா, என் ஆயுசில் பலபேர் என்னை அவமானப்படுத்தியிருக்கிறார்கள். அந்தச் சட்னி அளவுக்கு யாரும் படுத்தவில்லை.

அவள்தான் என்னை முதலில் கவனித்தாள். ‘இன்னாம்மா, நாஷ்டா துன்றியா?’ என்றாள். ‘நான் அதோட அம்மா’ என்றேன். அவள் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். கோபமும் இல்லை, பயமும் இல்லை. ‘அப்டியா. குந்து. நானுந்தாம்மா’ என்றாள்.

அன்று கூட்டம் கலைந்த பிறகு பின்கட்டில் நீயும் நானும் உட்கார்ந்தோம். நான் கேட்ட முதல் கேள்வியே, ‘அவள எப்டி நீ அம்மான்னு கூப்புடலாம்?’ என்பதுதான். இரண்டு வருஷம் எங்கே போனாய், என்ன சாப்பிட்டாய், யார் அடித்தார்கள் என்று ஒரு தாய் கேட்க வேண்டியவை எத்தனையோ இருந்தன. ‘நீ இல்லன்னு நான் எப்பம்மா சொன்னேன்? ஜொரத்துல கெடந்தப்ப அம்மான்னுதான் கத்துனேன். அவங்க வந்தாங்க’ என்றாய்.

ரங்கம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னவை எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன. தன்னையும் உன்னையும் போன்றவர்கள் எந்த ஊரிலும் பிறப்பார்கள், அது யாருடைய பாவமும் இல்லை, நான் கர்ப்பத்தில் எதையும் பார்த்துப் பயந்ததால் வந்ததும் இல்லை என்றாள். எந்த ஆஸ்பத்திரியில் விரட்டாமல் சீட்டுக் கொடுப்பார்கள், எந்தப் போலீஸ்காரன் கண்ணில் படக்கூடாது, யார் வீடு வாடகைக்கு விடுவார்கள் எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. சூளூர்ப்பேட்டைப் பக்கத்தில் அவளைப் பெற்றவள் அவளைத் தேடி வரவேயில்லையாம். அதையும் சாதாரணமாகச் சொன்னாள். நான் பத்து வருஷம் பத்திரிகையிலும் குளத்திலும் தேடியதெல்லாம் அவள் வாயிலிருந்து உதிர்ந்துகொண்டே இருந்தது. எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதெல்லாம் எனக்கு ஏன் முன்னாலேயே தெரியாமல் போனது, தெரிந்திருந்தால் நீ இவளிடம் வந்திருப்பாயா என்றுதான் வயிறு எரிந்தது. என் பிள்ளைக்கு வேண்டியது எல்லாம் அவளிடம் இருந்தது. என்னிடம் இருந்தது பிள்ளையைப் பெற்றது மட்டும்தான்.

வசந்தா என்ற பெயரும் அவள் வைத்ததுதான். நாங்கள் வைத்த பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது உனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். ஆனால் ஒன்று கேட்கிறேன், பெண் பெயர் வேண்டுமென்று நீ என்னிடம் கேட்டிருந்தால் நான் வைத்திருக்கமாட்டேனா? கஸ்தூரி பிறப்பதற்கு முன்பே எத்தனை பெயர் யோசித்து வைத்திருந்தேன்!

அதற்கு அடுத்த வருஷம் நீ ஆந்திராவுக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தாய். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் தடுத்துவிடுவேன் என்று நினைத்தாய், அது நியாயம்தான். பிழைப்பாயோ மாட்டாயோ என்று கிடந்த நாட்களில், உன்னை எழுப்பி உட்காரவைத்து, வெந்நீர் ஊற்றி, பத்தியச் சோறு வடித்துக் கொடுத்தவள் ரங்கம்மா. பிள்ளை பெற்றவளுக்குத் தாய் வீட்டில் செய்கிற அத்தனையும் அவள் செய்திருக்கிறாள். மண்டலம் முடிந்து உனக்கு மஞ்சள் நீராட்டிப் பால் ஊற்றுகிற சடங்குக்குத்தான் எனக்குச் சேதி வந்தது. போனேன். எங்கெங்கிருந்தோ உன்னைப் போன்றவர்கள் வந்து கூடியிருந்தார்கள். பாட்டும் சிரிப்புமாக இருந்தது. நீ மணையில் உட்கார்ந்திருந்தாய், மெலிந்து, முகமெல்லாம் மஞ்சளாக. அப்படிச் சந்தோஷமாக நான் உன்னை ஒரு நாளும் பார்த்ததில்லை. ரங்கம்மா செம்பை எடுத்து முதலில் ஊற்றினாள். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடி, ‘வாம்மா, நீயும் ஒரு கை ஊத்து’ என்று கூப்பிட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான், ‘நீயே ஊத்திக்கோ’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். உன் முகம் வாடியது எனக்குத் தெரியும். அதற்காக நான் இன்றைக்கும் வருந்தவில்லை, மகளே. பெற்றவள் இரண்டாவது கையாக ஊற்றுவதா?

அதன் பிறகும் நான் வந்துகொண்டுதான் இருந்தேன். நெல் அவித்தால் புழுங்கலரிசி கொண்டுவருவேன், மாங்காய் ஊறுகாய் கொண்டுவருவேன். அவள் ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்து, ‘உப்பு கம்மியா கீது’ என்பாள். ஒருமுறை நான் உன் நைனாவைப் பற்றிக் குறை சொன்னபோது அவள் சிரித்துவிட்டு, ‘உன் ஊட்டுக்காரரு இங்க வர்றது உனக்குத் தெரியாதா? மூலையில குந்திகினு ரெண்டு தோச துன்வாரு. அதும் இவ ஊத்துனாதான். ஒரு வார்த்த பேசமாட்டாரு. எழுந்து பூடுவாரு’ என்றாள். மாடு வாங்கப் போகிறேன், உரம் பார்க்கப் போகிறேன் என்று அவர் போன இடம் இது! வீட்டில் உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிற மனுஷன். அன்றிலிருந்து அவர்மேலும் எனக்குப் பொறாமைதான். உன் கையால் சாப்பிட எனக்குத் தெரியாமல் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாரே!

பிறகுதான் அந்தப் பத்திரிகைக்காரர் வந்தார். பட்டணத்திலிருந்து தோளில் காமிராவோடு வந்து, உங்களைப் பற்றி நல்லவிதமாக எழுதப்போகிறேன், நாட்டுக்குத் தெரியவேண்டாமா என்றார். ரங்கம்மா அதை நம்பினாள். ‘நம்ம கஸ்டத்த நாலு பேரு படிக்கட்டுமே’ என்று சொல்லி, பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். உன்னைப் பக்கத்தில் நிறுத்தி, தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டாள். அது வெளிவந்த வாரம் என் கைக்குப் பத்திரிகை வந்தது. எழுதியிருந்ததெல்லாம் கேலி. நீங்கள் எப்படி நடப்பீர்கள், எப்படிக் கை தட்டுவீர்கள் என்று. டென்ட் கொட்டகையில் பார்த்த அதே ஆள்தான், எழுத்தில். தோசை சுட்டு, மரியாதையாகப் பிழைக்கிறீர்கள் என்று ஒரு வரி இல்லை. படத்துக்குக் கீழே, ‘தாயும் மகளுமாம்!’ என்று போட்டு ஓர் ஆச்சரியக்குறி.

அதைப் படித்ததும் எனக்கு இரண்டு விதமாக எரிந்தது. என் பிள்ளையைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டானே என்று ஒன்று. இன்னொன்றை உன்னிடம் மறைக்கப்போவதில்லை. அந்த ‘ஆம்’ இருக்கிறதே, அவள் தாயாவது, நம்பமுடியுமா என்று நக்கலாகக் கேட்கிற அந்த ‘ஆம்’, ஒரு கணம் எனக்கு இனித்தது. ஊரே சிரிக்கிற படம்தான். ஆனாலும் அதில் உன் பக்கத்தில் நிற்கிறவள் அவளாயிற்றே! கேலிப் படத்தில்கூட எனக்கு இடமில்லாமல் போயிற்று.

கஸ்தூரிக்கு அப்போது வேப்பம்பட்டில் ஒரு வரன் ஏறக்குறைய முடிந்திருந்தது. தட்டு மாற்ற நாள் குறிக்க வந்தார்கள். பேசிக்கொண்டே இருந்தபோது மாப்பிள்ளையின் அம்மா பையிலிருந்து அந்தப் பத்திரிகையை எடுத்து விரித்தாள். ‘ஊர்ல ஒருத்தர் இன்னாமோ சொன்னாங்க. இது யாருங்க? உங்க ஜாடையில கீதே’ என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். உன் நைனா முந்திக்கொண்டார். ‘அது யாரோ இன்னாவோ. அதான் கீழயே போட்டுகீறாங்களே. அவங்க அம்மாதான் பக்கத்துல கீறாங்க’ என்றார். அவரைத் திட்டாதே. உள்ளே கஸ்தூரி பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தாள். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் சம்பந்தம் நல்லபடியாக முடிந்திருக்கும். அச்சில் வந்திருக்கிறது, யார் மறுக்கப்போகிறார்கள்?

என்னால் பொறுக்க முடியவில்லை. ‘அவ பெத்தவ இல்ல. நான்தான் பெத்தேன்’ என்று சொல்லிவிட்டேன். ‘மொத புள்ள. என் வயித்துல பொறந்தது. இந்த ஊட்லதான் வளந்தது. பேரு வசந்தா.’

இதைத் தைரியம் என்று நினைத்துவிடாதே. ரங்கம்மா கேட்டுக்கொண்டிருந்தால் அவளும் நினைக்க வேண்டாம். நியாயம், தர்மம் எதுவும் அப்போது என் மனதில் இல்லை. உன்னை அவளுக்கு எழுதிக்கொடுக்கிறாரே இந்த மனுஷன் என்ற ஒரே ஆத்திரம்தான். என் நெஞ்சில் பொறாமை இல்லாதிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேனோ என்னவோ.

அவர்கள் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். உன் நைனா வயலுக்குப் போய் இருட்டும்வரை வரவில்லை. கஸ்தூரி வெளியே வந்து, ‘கல்யாணம் முடிஞ்சப்பறம் சொல்லிகினா உனுக்கு இன்னா கொறஞ்சிடும்? உனுக்கு எப்பவும் அதுதானே புள்ள, நான் யாரு?’ என்று கேட்டாள். என்னிடமிருந்துதான் அவளுக்கு இந்தக் குணம் வந்திருக்கிறது. நான் ரங்கம்மாமேல் எரிந்த மாதிரி, அவள் இத்தனை வருஷமாக உன்மேல் எரிந்திருக்கிறாள், எனக்குத்தான் தெரியவில்லை. அறுவடை முடியும்வரை அவள் என்னோடு பேசவில்லை. ஒரு நாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள், நிமிராமலே, ‘அக்கா என்னவிட ஒயரமா?’ என்றாள். அக்கா என்று அவள் உன்னைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ‘ரெண்டு வெரல் ஒயரம்’ என்றேன். ‘அவங்க பொடவ எனுக்குச் சரியா இருக்குமா?’ என்றாள். அதன் பிறகு பேச ஆரம்பித்துவிட்டாள்.

இப்போது வந்திருக்கிற வரன் மணவாள நகர். மாப்பிள்ளை ஆவடியில் வேலை பார்க்கிறார். இந்தத் தடவை அவர்கள் வந்து பாயில் உட்காரும் முன்பே நான் சொல்லிவிட்டேன். மூத்தது இப்படி, கும்மிடிப்பூண்டியில் நாஷ்டா கடையில் இருக்கிறது, கல்யாணத்துக்கு வரும். மாப்பிள்ளையின் அம்மா யோசித்துவிட்டு, ‘வரட்டும்மா. ஆனா மின்னால வந்து நிக்க வாணாம்’ என்றாள். ‘எங்க ஊட்ல பின்னால நிக்கறவங்க யாரும் இல்லீங்க’ என்றேன். மறுபடியும் போயிற்று என்று கஸ்தூரி கதவுக்குப் பின்னால் அழ ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளைதான், ‘உடும்மா. அவங்க ஊட்டுப் புள்ள, அவங்க ஊட்டுக் கல்யாணம்’ என்றார். அந்த அம்மாவுக்கு இன்னும் முழு சம்மதம் இல்லை. நலங்கின்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். மாப்பிள்ளையின் அத்தை ஏதாவது முனகலாம். அதெல்லாம் இருக்கும். நீ அதற்காகச் சமையல்கட்டில் போய் ஒளிந்துகொள்ளாதே. யாராவது கேட்டால் பெண்ணின் அக்கா என்று மட்டும் சொல். அதற்கு மேல் விளக்கம் கேட்டால் என்னிடம் அனுப்பு.

உனக்கு வேறு புத்தி சொல்ல எனக்கு அருகதை குறைவு. நீ பட்டதில் பாதிகூட நான் பட்டதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். இனி யாராவது காமிராவோடு வந்தால், படம் எடுக்கும் முன் கீழே என்ன எழுதப்போகிறாய் என்று கேள். பதில் சொல்லத் தயங்கினால் தோசைக்குக் காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடு. இந்தக் கடிதத்தில் பெயர்களை மாற்றி ஒரு படி எடுத்து, நான் அன்று கேள்வி எழுதிப் போட்ட அதே பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். போட்டாலும் போடுவார்கள், குப்பையில் போட்டாலும் போடுவார்கள். எங்கேயோ ஒருத்தி, பிள்ளை குடத்தை இடுப்பில் வைக்கிறது என்று பயந்துகொண்டு பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்காவது ஒரு பதில் கிடைக்கட்டும். அவளும் என்னைப் போல இன்னொருத்தியைப் பார்த்து வயிறெரிய வேண்டாம், அதற்கு முன்பே தன் பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும்.

உன் நைனா நேற்று, ‘அந்தக் கடைக்காரம்மாவுக்கும் ஒரு பத்திரிகை வெச்சிடு’ என்றார். எனக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. பிறகு யோசித்தேன். இதோ, இதற்குள் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று அவள் பெயருக்கு. ரங்கம்மா, நீ முழங்கால் வலியோடு பஸ்ஸில் அலைய வேண்டாம், சம்பந்தி வீட்டாரை அழைக்கிற மாதிரி வண்டி வைத்து அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன். வா. முதல் பந்தியில் சாப்பிடு. உப்பு குறைவாக இருந்தால் சொல்லிக்கொள்.

வசந்தா, நீ மட்டும் அவளோடு வராதே. முந்தின நாள் காலையிலேயே தனியாக வந்துவிடு. கஸ்தூரிக்கு நான் பின்னாத சடையில்லை. ரெட்டை ஜடை, தாழம்பூ வைத்த ஜடை என்று இந்தத் தெருவில் எத்தனையோ பெண்களுக்குப் பின்னிவிட்டிருக்கிறேன். உன் தலையில் ஒரு நாளும் சீப்பு வைத்ததில்லை. உன் முடி எவ்வளவு நீளம், பின்னினால் எங்கே வந்து நிற்கும் என்று அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவள் கை அதில் படக்கூடாது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, தலையைப் பின்னாமல் வா.

இப்படிக்கு,
அம்மா